எல்ல மலையேற்றமும் கொதிக்கும் எஞ்சினும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். இராவணா நீர்வீழ்ச்சியின் அருகே, சோளம் அவித்து விற்கும் கடைகளுக்கு முன்னால், பழைய கார் ஒன்று முன்மூடியைத் திறந்தபடி நிற்கும். உள்ளிருந்து ஆவி எழும். குடும்பத் தலைவர் கையிற் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அதன் முன்னே நிற்பார். பிள்ளைகள் குரங்குகளை வேடிக்கை பார்த்திருப்பர். வழியிற் போவோர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிச் செல்வர். "தண்ணீர் ஊற்றுங்கள்" என்பார் ஒருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள்" என்பார் மற்றொருவர். "எஞ்சின் போய்விட்டது, வண்டியை விற்றுவிடுவதே நலம்" என்பார் மூன்றாமவர்.

மூவரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். ஆயினும், "வண்டி எப்போது சூடேறத் தொடங்கியது?" என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்பதில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை அழைத்துச் சென்றால் வைத்தியர் எத்தனை கேள்வி கேட்கிறார்! காலையிலா மாலையிலா, நடுக்கம் உண்டா, இருமல் உண்டா என்றெல்லாம் விசாரித்த பின்னரே அவர் மருந்தெழுதுகிறார். காரின் கொதிப்பும் காய்ச்சலை ஒத்ததே. நோய் வேறோரிடத்தில் இருக்கும்; கொதிப்பு அதன் குறி மாத்திரமே. அக்குறியைக் கொண்டு நோயை அறியும் முறையை இவ்வாரம் சிறிது ஆராய்வோம். மாணவர்களுக்கு இதிற் பௌதிகப் பாடமும் உண்டு.

நம் நாட்டிற் பழைய கார்கள் இன்னும் இத்தனை ஓடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1960களில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீடித்தது. பின்னர் 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறந்துவிடப்பட்டது. புதிய வண்டி எட்டாக் கனியாக, பாட்டனார் வாங்கிய காரைப் பேரன் ஓட்டும் வீடுகள் பல. அவற்றுள் மொரிஸ் மைனருக்குத் தனி இடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைக்க, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்டது. எளிய வண்டி, உழைக்கும் வண்டி. ஆனால் பெரும்பாலான மைனர்களில் நீரின் சூட்டைக் காட்டும் மானி கிடையாது. ஆவி எழுந்த பிறகே ஓட்டுபவர் விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, சாலையைப் பார்ப்போம். வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. எல்ல சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் உள்ளது. இடைத்தூரம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர். ஆட்களும் மூட்டைகளும் ஏறிய ஒரு மைனரின் எடையை ஒரு மெட்ரிக் தொன் என்று கொள்வோம். ஆயிரம் கிலோகிராமை 840 மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி 82 இலட்சம் யூல். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தியோ ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் யூல். அதிற் கால்பங்கையே இத்தகைய எஞ்சின் வேலையாக மாற்றும். ஆகவே உயரம் ஏறுவதற்கென்றே ஒரு லீற்றர் பெற்றோல் எரிகிறது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமே. ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மூன்றிலொரு பங்களவு, அதாவது சுமார் ஒரு கோடி யூல், எஞ்சினைச் சுற்றியோடும் நீரிற் சேர்கிறது.

இவ்வெப்பம் காற்றிற் கலக்காமல் நீரிலேயே தங்கினால் என்னாகும்? ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலையிலிருந்து ஆவியாக்க 22 இலட்சத்து 60 ஆயிரம் யூல் போதும். அக்கணக்கில் ஒரேயொரு மலையேற்றத்திற் நான்கு லீற்றருக்கு மேற்பட்ட நீர் ஆவியாகிவிடும். மைனரின் எஞ்சினும் ரேடியேட்டரும் சேர்ந்து கொள்ளும் நீரே ஐந்தாறு லீற்றர்தான். வெல்லவாயவில் நிரப்பிய நீர் எல்லவை அடையுமுன் தீர்ந்துபோவதில் வியப்பில்லை.

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே இத்தொல்லை இருந்தது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில், இரண்டு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்குச் சென்றார். சுமார் 100 கிலோமீற்றர் தூரம். அவ்வண்டியின் நீர் கொதித்து ஆவியாவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது. ஆதலால் வழிநெடுக நீர் தேடி நிரப்ப வேண்டியதாயிற்று. ஏற்றங்களிற் புதல்வர்கள் இறங்கித் தள்ளவும் வேண்டியதாயிற்று. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டியில் வில்லெம் மைபாக் தேன்கூட்டைப் போன்று நுண்ணறைகள் கொண்ட ரேடியேட்டரைப் பொருத்தினார். அதன்பின், அதே நீர் சுற்றிச் சுற்றி வந்து வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

ஆக, எஞ்சின் கொதிக்காதிருக்க நான்கு காரியங்கள் ஒருங்கே நடைபெற வேண்டும். நீர் போதிய அளவு இருக்கவேண்டும். இருக்கும் நீர் ஓடவேண்டும். ரேடியேட்டரின் ஊடே காற்றுச் செல்லவேண்டும். எஞ்சின் அளவுக்கு மீறி வெப்பத்தை உண்டாக்காதிருக்க வேண்டும். கொதித்து நிற்கும் எந்தக் காரிலும் இந்நான்கில் ஒன்றோ இரண்டோ தவறியிருக்கும். எது தவறியது என்று அறிவதே நாடி பார்த்தல்.

நாடி பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை. மலையுச்சியில் நீர் விரைவிற் கொதிக்கும் என்பது மாணவர் அறிந்ததே. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், எல்லவில் சுமார் 96½ பாகையிலேயே கொதிக்கிறது. இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டரின் மூடி. அதிலுள்ள சுருள்வில் ஆவியை அடக்கி வைத்து, சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்துகிறது. அதனால் எல்லவிலும் நீர் 108 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். அவ்வேளையில் ஒருவர் மூடியைத் திருகினால் அழுத்தம் நொடியில் விழுகிறது. 108 பாகை நீர் 96½ பாகைக்கு இறங்கும்போது, அதில் நூறில் இரண்டு பங்கு அக்கணமே ஆவியாகிறது. ஐந்தரை லீற்றரில் அது ஒரு தேநீர்க் கோப்பை அளவே. ஆனால் அக்கோப்பை நீர், ஆவியாகும்போது ஒரு பெரிய தகரப் பீப்பாயை நிரப்பும்! அந்த ஆவி, கொதிநீரையும் வாரிக்கொண்டு திறந்தவரின் முகத்திலும் மார்பிலும் அடிக்கிறது. அரைமணி நேரமேனும் பொறுத்து, மேற்குழாயைத் தொட்டால் சுடாத நிலை வந்த பின்னரே மூடியிற் கை வைக்கவேண்டும். கைக்குட்டை காவலாகாது.

முறையாக நாடி பார்ப்பதனால் என்ன பயன் என்பதற்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்லலாம். நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் தந்தையார் விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் இருக்கிறது. மலை ஏறும்போதெல்லாம் அது கொதித்தது. ஒரு கராஜில் ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தனர், கொதிப்பு நிற்கவில்லை. மற்றொரு கராஜில் நீர்ப்பம்பியை மாற்றினர், அப்போதும் நிற்கவில்லை. முடிவில், வேறு எஞ்சின் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டனர். அதற்கு வேண்டிய தொகை, மகளின் மேற்படிப்புக்கென நண்பர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த தொகையை ஒத்திருந்தது. தந்தையின் வண்டியை விடவும் மனமில்லை. மகளின் பணத்தைத் தொடவும் மனமில்லை. இந்நிலையில், உறவினர் வீட்டுக் காரியமாக வெல்லவாய சென்று திரும்பும்போது, நாமும் உடனிருக்க, வண்டி இராவணா நீர்வீழ்ச்சியருகே கொதித்து நின்றது.

கடையோரம் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய வெந்த தழும்பு. நண்பர் மூடியை நோக்கிக் கையை நீட்டியபோது, பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அத்தழும்பைக் காட்டினார். நண்பர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, வண்டி ஏறுறப்ப மட்டுந்தான் சூடாகுதா, சமதரையிலயும் சூடாகுதா?" என்று கேட்டார்.

"ஏறும்போது மட்டுந்தான், பெரியவர். சமதரையில் ஒன்றுமில்லை."

"சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சா?"

"இல்லை."

"நிப்பாட்டினா தணிஞ்சிருதா?"

"சற்று நேரத்தில் தணிந்துவிடும். கராஜில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரிவதில்லை. அதுதான் தொல்லை."

பெரியவர் விசிறியை ஓட்டும் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கம் சரியாக இருந்தது. ரேடியேட்டரின் இதழ்களுக்கு ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார், தெரிந்தது. ஆகக் காற்றிற் குறையில்லை. வண்டி நன்றாக ஆறும் வரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திறந்தார். மூடியின் உட்புற இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. குறைந்த நீரை நிரப்பி, மூடியை இட்டு, எஞ்சினைத் தொடக்கச் சொன்னார். நண்பரின் மகனை அக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்பிக்குச் செல்லும் இறப்பர்க் குழாயைச் சுட்டி, "இதையே பாருங்க" என்றார்.

எஞ்சின் மெதுவாகச் சுழன்றபோது குழாய் உருண்டையாக இருந்தது. வேகம் ஏற ஏற, சர்பத்தை உறிஞ்சும் பிள்ளையின் கன்னம் போல அது உள்வாங்கிற்று. மேலும் மிதித்ததும் தட்டையாக ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தவுடன் பழையபடி உருண்டது.

குற்றம் கண்முன்னே நின்றது. நாட்பட்ட குழாய் மெத்தென்று நைந்திருந்தது. மூடி அழுத்தத்தைத் தாங்காமையால், குழாயை உள்ளிருந்து உந்தி நிறுத்தவும் ஒன்றுமில்லை. சமதரையில் நான்காம் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, பம்பியின் உறிஞ்சல் சிறிது, நீர் ஓடுகிறது. முடக்குகளில் இரண்டாம் கியரில் எஞ்சின் இரைந்து சுழல்கிறது. உறிஞ்சல் வலுத்துக் குழாய் ஒட்டிக்கொள்கிறது. நீர் மிகுதியாக வேண்டிய அதே வேளையில் நீரோட்டம் நின்றுவிடுகிறது. கராஜில் எஞ்சின் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கையில் இக்குற்றம் எங்ஙனம் தெரியும்? நண்பர் எஞ்சினை இரையவிடாமல் மெல்ல ஓட்டி, இருமுறை நிறுத்தி ஆறவைத்து, வீடு சேர்ந்தார். மறுநாள் பண்டாரவளையில் ஒரு குழாயும் ஒரு மூடியும் வாங்கினார். எஞ்சினுக்குச் சொன்ன விலையில் நூறில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

பெரியவர் கேட்டவை எளிய கேள்விகள். ஒவ்வொரு விடையும் நான்கு காரியங்களுள் ஒன்றைக் கழித்துவிட்டது. அம்முறையை எவரும் கைக்கொள்ளலாம்.

வண்டி ஏற்றத்திலும் நெரிசலிலும் சூடேறி, திறந்த சாலையில் விரைந்தோடினால் தணியுமாயின், முதலிற் காற்றை ஐயுறுக. பெல்ட் தளர்ந்து வழுக்கலாம். அதன் நீண்ட பகுதியை அழுத்தினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இறங்குவது அளவு. ரேடியேட்டரின் இதழ்களிற் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கலாம். முகப்பிற் கட்டிய மேலதிக விளக்குகளும் அலங்காரங்களும் காற்றை மறிக்கலாம். ஏறும் திசையிலேயே பின்காற்று வீசினாலும் இத்தொல்லை மிகும்.

சமதரையில் விரைந்தோடும்போதும் சூடேறுமாயின், நீரோட்டத்தை ஐயுறுக. எஞ்சினை நிறுத்தி, ஓரளவு ஆறியபின் ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையாற் தடவிப் பார்த்தால், சில இடம் சுட்டும் சில இடம் குளிர்ந்தும் இருப்பின் அக்குளிர்ந்த அறைகள் துருவாலும் சேற்றாலும் அடைபட்டவை. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்து, மேற்குழாய் மட்டும் குளிர்ந்திருப்பின், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டது என்று கொள்க.

நீர் நாள்தோறும் குறைகிறது, தரையில் ஒரு துளியும் இல்லை என்றால், கவலைப்பட வேண்டியதுதான். எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள கேஸ்கட் வெடித்திருக்கலாம். எண்ணெய் பால்கலந்தது போல் மாறுதல், வெண்புகை ஓயாது வருதல், ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழி எழுதல் ஆகியன அதன் குறிகள். அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

சூடேறும்போதே சிவப்பு விளக்கும் எரிந்தால், மைனர் போன்ற வண்டிகளில் விடை ஒன்றே. தைனமோவையும் பம்பியையும் விசிறியையும் ஓட்டுவது ஒரே பெல்ட். அது அறுந்துவிட்டது, உடனே நிறுத்துக. மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தும் சூடேறுமாயின், நான்காம் காரியத்துக்கு வருக. மின்பொறி பிந்தி விழுந்தால் எஞ்சின் வீணே வெப்பமுறும். பிரேக் விடுபடாமல் உரசினாலும் எஞ்சினுக்குச் சுமை மிகும். சிறிது தூரம் ஓடி நிறுத்தியபின் சக்கரங்களுள் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அதுவே சான்று.

வழியில் வண்டி கொதித்தால் முடக்கில் நிறுத்தாமல், அகன்ற இடம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். முன்மூடியைத் திறக்கும்போது பிள்ளைகள் விலகி நிற்கட்டும். எஞ்சின் ஓடும்போது சேலைத் தலைப்பும் சால்வையும் விசிறியை அணுகாதிருக்கட்டும். வறண்டு சுடும் எஞ்சினிற் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ஆறிய பின்னரே, எஞ்சினை ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். எவருக்கேனும் கொதிநீர் பட்டுவிட்டால், வெந்த இடத்தின் மேல் ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விட்டபின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பற்பசையும் எண்ணெயும் பூசலாகாது.

நம் சாரதிகள் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகின்றனர். மலைநாட்டுக் குளிரில் அவ்வாறு செய்தால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாது. பெற்றோல் மிகுதியாகச் செலவாகும். உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். ஆண்டுக்கணக்கில் ஓடைநீரை ஊற்றுவதும் நன்றன்று. அதிற் கலந்த மண்ணும் உப்பும் ரேடியேட்டரின் அறைகளிற் படிகின்றன. துருவைத் தடுக்கும் கூலன்ற் திரவத்தைத் தூய நீருடன் கலந்து விடுவதே முறை. அது நச்சுத்தன்மை உடையது. இனிப்புச் சுவையும் கொண்டது. பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்கவேண்டும்.

விடுமுறைப் பயணத்துக்கு முதல்நாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், நீரின் அளவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மூடியின் இறப்பர் வளையத்தையும் பாருங்கள். மேலும் கீழும் உள்ள குழாய்களை விரலாற் பிசைந்து, மெத்தென்று நைந்தவற்றை மாற்றுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

வண்டி முன்னரே கொதிக்கும் வண்டியாயின், கராஜுக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, எந்த இடத்தில், எந்தக் கியரில், புறப்பட்டு எத்தனை நிமிடத்தில் சூடேறிற்று, நிறுத்தினால் தணிந்ததா, நீர் எவ்வளவு குறைந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னிருக்கையிற் கணக்கும் விஞ்ஞானமும் படிக்கும் பிள்ளை இருந்தால், அவ்வேலையை அதனிடமே ஒப்படையுங்கள். அத்தாளைப் படித்த பின்னர் மெக்கானிக் சொல்லும் விலையைக் கேளுங்கள்.